கிறிஸ்துமஸ் அன்று கடை திறக்கலாமா? மலை மேலே ஒரு கணக்கு, மலைக்குக் கீழே ஒரு கணக்கு!

ஏலகிரி, டிச. 24-

பொன்னேரியில் மலை அடிவாரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். விஷயம் தானாக விளங்கிவிடும்.

காரும் வேனும் மோட்டார் சைக்கிளும் வரிசை கட்டி மலை ஏறுகின்றன. பஸ்சில் கால் வைக்க இடம் கிடையாது. ஜோலார்பேட்டையில் ரெயிலை விட்டு இறங்கிய குடும்பங்கள், பையும் பிள்ளையுமாக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகின்றன.

அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. புத்தாண்டு வரை பள்ளிக்கூடம் லீவு. நாளை கிறிஸ்துமஸ். அரசாங்க ஆபீசு கிடையாது, பாங்கி கிடையாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வர நாளும் பணமும் போதாதவர்கள் எங்கே போவார்கள்? நேராக ஏலகிரிக்குத்தான்! ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சும்மாவா பெயர் வந்தது?

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரம். ஏறி முடித்தால் அத்தனாவூர். கொஞ்சம் தள்ளிப் புங்கனூர் ஏரி, அதில் படகு. 14 சிற்றூர்கள் சேர்ந்ததுதான் ஏலகிரி மலை. 2019-ம் ஆண்டு நவம்பர் வரை வேலூர் மாவட்டம். அதன் பிறகு திருப்பத்தூர் மாவட்டம்.

மலை ஏறி வந்தவர்களுக்குக் குளிர் எடுக்கும். உடனே டீ வேண்டும். பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும், பரோட்டா வேண்டும். ராத்திரி தங்க ரூம் வேண்டும். போர்த்திக்கொள்ளக் கம்பளி வேண்டும். இத்தனையும் வேண்டும் என்றால் அத்தனை கடையும் திறந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. ஊருக்கெல்லாம் லீவு விட்ட நாளில், கடையைத் திறந்து வைத்திருக்கும் ஆளுக்கு லீவு எப்போது?

யார் டீ போடுவது?

"இன்னாண்ணா, கிறிஸ்மஸ் அன்னிக்குக் கூட கடை உண்டா?" என்று மலையில் உள்ள எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"கடை இல்லாம? வர்ற ஜனத்துக்கு யாருப்பா டீ போடறது?" என்றுதான் பதில் வரும்.

அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. மலை வியாபாரம் பருவ வியாபாரம். மே மாதம் பிள்ளைகளுக்குக் கோடை லீவு, அப்போது கூட்டம். பிறகு பொங்கல், தீபாவளி, டிசம்பர் கடைசி வாரம், இடையில் வரும் சனி, ஞாயிறு. இவைதான் கல்லாப்பெட்டி நிறையும் நாட்கள். மழை பிடித்துக்கொண்டால் வாரக் கணக்கில் ஆள் நடமாட்டமே இருக்காது. செவ்வாய், புதன் என்றால் பெஞ்சியில் பூனை படுத்திருக்கும்.

வருடம் முழுக்கக் காத்திருந்து, கூட்டம் வரும் நாளில் கதவைச் சாத்து என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? வாடகை லீவு எடுப்பதில்லை. வட்டியும் லீவு எடுப்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. புருஷன் வறுகடலை வறுப்பார். பெண்டாட்டி மக்காச்சோளம் சுடுவார். அல்லது மலையில் எடுத்த தேனைப் பாட்டிலில் ஊற்றி ரோட்டோரம் வைத்து விற்பார்கள். அங்கே முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். நாளைக்குக் கடை போடலாமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அவர்களைப் போய் ‘ஏன் திறந்தாய்?’ என்று கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லை.

சிக்கல் அடுத்தவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் விஷயத்தில்தான்.

ரூம் பையனின் கிறிஸ்துமஸ்

ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். முப்பது ரூம். முப்பதும் நிரம்பிவிட்டது. வாசலில் பெரிய நட்சத்திரம் தொங்குகிறது. ஹாலில் கிறிஸ்துமஸ் மரம்; பஞ்சில் பனி; பொம்மைத் தாத்தா. விருந்தாளிக்குக் கேக் இலவசம்.

அந்த நட்சத்திரத்தைக் கட்டியவர் யார்? ரூம் பையன். அவர் கிறிஸ்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்ட அவர் ஊரில் இல்லை.

24-ந் தேதி நள்ளிரவு சர்ச்சில் பூசை. முடிய ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். ராத்திரி அந்த நேரத்துக்கு மேல் படுத்து, காலை ஆறு மணிக்கு எழுந்து, முப்பது ரூமுக்கும் வெந்நீரும் காபியும் கொண்டு போக வேண்டும். பூசைக்குப் போனால் தூக்கம் போச்சு. தூங்கினால் பூசை போச்சு. ஊருக்குப் போகலாம் என்றால் வேலையே போச்சு!

கிறிஸ்தவருக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பாத்திரம் கழுவும் அம்மா இந்துவாக இருக்கலாம். அவர் பிள்ளைகளுக்கும் இதே பத்து நாள்தான் லீவு. ஊரார் பிள்ளை எல்லாம் படகு ஏறும்போது, தன் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறதே என்ற நினைப்பு அவருக்கு வராதா?

மலைக்கு வருகிறவருக்கு இது கண்ணில் படுவதில்லை. சுடச் சுட இட்லி வந்தால் சரி. ஐந்து நிமிடம் தாமதமானால், "என்னய்யா ஓட்டல் நடத்துறீங்க?" என்று ஒரு சத்தம்.

வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சத்தம் போடுகிறவரும் பெரும்பாலும் எங்கேயோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருப்பார். வாணியம்பாடியில் தோல் மண்டியில் கணக்கு எழுதுவார். வேலூரில் ஜவுளிக்கடையில் நிற்பார். ஒருநாள் லீவு கிடைத்து மலைக்கு வந்திருப்பார். அவருடைய லீவுதான் இங்கே இன்னொருவரின் வேலை நாள்.

அதனால் மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி, அவருக்கு அந்த லீவு எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால் கதை புரியும்.

நாலும் ஐந்தும் ஒன்பது

கிறிஸ்துமஸ் அன்று அரசாங்க ஆபீசும் பாங்கியும் மூடியிருப்பதால், தனியார் கம்பெனி, கடை, ஓட்டல் எல்லாமே சட்டப்படி மூட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை!

காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, 1958-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறை பற்றிய சட்டம். தொழிற்சாலை, கடை, ஓட்டல் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் இடங்களுக்கெல்லாம் அது பொருந்தும். இன்றைக்கும் தமிழ்நாட்டில் லீவு கணக்குக்கு அதுதான் அடிப்படை.

அதன்படி வருடத்துக்கு நான்கு நாள் கட்டாயம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. இந்த நான்கிலும் பேரத்துக்கு இடம் இல்லை. அந்த நாட்களில் தொழிலாளர் துறை அதிகாரிகள் கடை கடையாகச் சோதனைக்குப் போவதும், லீவு கொடுக்காதவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதும் பத்திரிகையில் வரும் செய்திதான்.

அதற்கு மேல் ஐந்து நாள் பண்டிகை லீவு. எந்த ஐந்து பண்டிகை? அதைச் சட்டம் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளியையும் கலந்து பேசி, அதிகாரி முடிவு செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆக, நாலும் ஐந்தும் ஒன்பது. கிறிஸ்துமஸ் அந்த ஐந்தில் இருந்தால், அது சம்பளத்தோடு கூடிய லீவு. இல்லாவிட்டால், 25-ந் தேதியும் மற்ற நாள் மாதிரி ஒரு வேலை நாள்!

இந்த உண்மை பல தொழிலாளிகளுக்குத் தெரியாது. பல சின்ன முதலாளிகளுக்கும் தெரியாது. டிசம்பர் 24-ந் தேதி சாயங்காலம் வந்து, "நாளைக்கு லீவு உண்டா சார்?" என்று தலையைச் சொறிவதில் பிரயோசனம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில், வருட ஆரம்பத்திலேயே ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டியது.

ஐந்து நாற்காலி, ஏழு பேர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. தோல் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வரும் தொழில் இது. வேலை செய்பவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கிறிஸ்தவர் உண்டு. ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கிறிஸ்துமஸ் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன்காரர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆம்பூர்ப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்கள் வழியில் வந்த கன்கார்டியா பள்ளியையும் பெத்தேஸ்தா ஆஸ்பத்திரியையும் ஆம்பூரில் தெரியாதவர் இல்லை.

இப்போது அந்த ஐந்து பண்டிகை லீவை இங்கே பங்கு போட்டுப் பாருங்கள். பொங்கல் வேண்டும். தீபாவளி வேண்டும். ஆயுத பூஜை அன்று மிஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டும். ரம்ஜான் வேண்டும். பக்ரீத் வேண்டும். தமிழ் வருடப் பிறப்பு வேண்டும். கிறிஸ்துமசும் வேண்டும். எண்ணினால் ஏழு! இருப்பது ஐந்து நாற்காலி. உட்கார வந்தவர் ஏழு பேர்.

இதில் யாரை எழுப்புவது? ஆள் கணக்குப் பார்த்தால், சிறுபான்மையாக இருப்பவர் பண்டிகைதான் முதலில் எழுந்து நிற்க வேண்டி வரும். ஒரு கடையில் எட்டுப் பேரில் ஒருவர்தான் கிறிஸ்தவர் என்றால், பட்டியலில் கிறிஸ்துமசுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால், ஊர் கலந்து வாழ்வதில் ஒரு லாபமும் இருக்கிறது. ரம்ஜான் அன்று முஸ்லிம் தொழிலாளி வீட்டில் பிரியாணி ஆக்கும்போது, அவர் வேலையை இந்துவும் கிறிஸ்தவரும் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் வேலையை இவர் பார்க்கலாம். தீபாவளிக்கு இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாமவருக்குத் தோள் கொடுக்கலாம். மறுநாள் பிரியாணியும் கேக்கும் அதிரசமும் கைமாறும். கடையும் மூட வேண்டாம். பண்டிகையும் கெட வேண்டாம். சட்டம் சொல்லித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது இல்லை. முதலாளி மனம் வைத்தால் போதும்.

கப்பலுக்கு லீவு உண்டா?

"அதெல்லாம் சரி. ஆர்டர் இருக்கிறதே?" என்பது கம்பெனிக்காரர்கள் பக்கத்து வாதம்.

அதுவும் வெறும் சாக்கு இல்லை. ஆம்பூர் ஷூ போவது பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும். அங்கே கிறிஸ்துமசுக்குக் கடையில் விற்கும் ஷூ, இங்கே பல மாதம் முந்தியே தைத்து முடித்ததாக இருக்கும். டிசம்பரில் இங்கே தைப்பது, அங்கே அடுத்த வசந்த காலத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய ஷூ. தேதி தவறினால் கப்பல் போய்விடும். கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பினால் லாபம் காற்றில் போய்விடும்.

2023-ம் ஆண்டு கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் நடந்தபோது, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென் முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. பயணம் பத்து நாளுக்கு மேல் கூடியது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டது. எங்கேயோ ஒரு கடலில் குண்டு வெடித்தாலும், எங்கேயோ ஒரு மேஜையில் கையெழுத்து விழுந்தாலும், ஆம்பூர்த் தொழிலாளியின் லீவு வரை அது வந்து இடிக்கிறது.

ஆர்டர் நெருக்கினால் லீவு போகிறது. ஆர்டர் இல்லாவிட்டால் வேலை போகிறது. அதனால்தான் தொழிலாளிக்கு ‘லீவு’ என்ற சொல்லே இரண்டு அர்த்தம். சம்பளத்தோடு வரும் லீவு பண்டிகை. சம்பளம் இல்லாமல் வரும் லீவு பட்டினி.

இரட்டைச் சம்பளம்

பண்டிகை லீவு நாளில் வேலைக்குக் கூப்பிடவே கூடாது என்று 1958-ம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. கூப்பிடலாம். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது.

குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். வேலை செய்தால் இரண்டில் ஒன்று. அன்றைக்கு இரட்டைச் சம்பளம். அல்லது அன்றைய சம்பளமும், பதிலுக்கு இன்னொரு நாள் சம்பளத்தோடு லீவும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சுலபம். நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் லீவுப் பட்டியலில் இருக்கிறது. அன்று வேலை செய்தால் 1,200 ரூபாய். அல்லது 600 ரூபாயும், வேறொரு நாள் வீட்டில் இருந்து வாங்கும் 600 ரூபாயும்.

சட்டத்தின் போக்கைக் கவனியுங்கள். கடையை மூடு என்று கட்டளை போடவில்லை. திற, ஆனால் அடுத்தவன் லீவைச் சும்மா எடுக்காதே, விலை கொடுத்து எடு என்கிறது. வியாபாரிக்குப் புரியும் மொழியில்தான் சட்டமும் பேசுகிறது!

கூட்டம் முட்டும் நாளில் விடுதிக்காரர் ரூம் வாடகையை ஏற்றுகிறார். பண்டிகைக் கட்டணம் என்று பெயர். விருந்தாளியும் முனகிக்கொண்டே கொடுக்கிறார். ரூமுக்குப் பண்டிகை விலை உண்டு என்றால், ரூமைக் கூட்டிப் பெருக்குகிற கைக்கும் பண்டிகை விலை உண்டுதானே?

365 நாள் அனுமதி

"இப்போதுதான் 365 நாளும் கடை திறக்கலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே!" என்று கேட்பவர்களும் உண்டு.

உண்மைதான். 2019-ம் ஆண்டு தமிழக அரசு ஒரு உத்தரவு போட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் 24 மணி நேரமும், வருடம் 365 நாளும் திறந்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு என்று வந்த அனுமதி, 2022-லும் 2025-லும் நீட்டிக்கப்பட்டது.

ஆனால், அந்த உத்தரவிலேயே நிபந்தனைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் முறை வைத்து வாரம் ஒரு நாள் லீவு கொடுத்தாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 365 நாள் திறந்திருக்க அனுமதி கடைக்குத்தான். 365 நாளும் நிற்கச் சொல்லி ஆளுக்கு உத்தரவு கிடையாது. கதவு இரும்பு, அது தாங்கும். கால் சதை, அது தாங்காது.

சீமையில் என்ன நடக்கிறது?

கிறிஸ்துமஸ் கொண்டாடும் நாடுகளிலும் இந்தச் சண்டை உண்டு. சில இடங்களில் இங்கே உள்ளதை விடப் பெரிய சண்டை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004-ம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 280 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 3 ஆயிரம் சதுர அடிக்கு மேல் உள்ள பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது. சின்னக் கடைகள் திறக்கலாம். பெரிய கடை ஒன்று திறந்தால் போட்டிக்கு மற்றதும் திறக்கும்; கடைசியில் எந்தத் தொழிலாளிக்கும் லீவு இருக்காது என்ற பயம்தான் காரணம். லண்டனில் தெரு முனைக் கடைகள் பலவற்றை நடத்துவது நம் இந்தியர்களும் இலங்கைத் தமிழர்களும். ஊரே அடைத்துக் கிடக்கும் அன்று, பால் வேண்டும், ரொட்டி வேண்டும் என்று வெள்ளைக்காரர் தேடிப் போவது அந்தக் கடைகளைத்தான்.

ஜெர்மனியில் டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் லீவு. ஷட்டர் இறங்கிவிடும்.

ஸ்காட்லாந்தில் கதையே வேறு. அங்கே சர்ச்சுக்காரர்களே ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் கூடாது என்று எதிர்த்தார்கள். அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது 1958-ம் ஆண்டில்தான். நம் ஊரில் பண்டிகை லீவுச் சட்டம் வந்த அதே வருடம்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். கிறிஸ்துமஸ் என்று சொல்லி வேலைக்கு மட்டம் போட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம்! 1681-ல்தான் அது ரத்தானது.

1843-ல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையைப் படித்தவர்களுக்கு ஸ்க்ரூஜ் என்ற கஞ்ச முதலாளியைத் தெரியும். கிறிஸ்துமசுக்கு ஒரு நாள் லீவு கேட்டுத் தயங்கி நிற்கும் குமாஸ்தாவையும் தெரியும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளமா என்று முதலாளிக்கு வயிறு எரிகிறது. ஊரும் காலமும் மாறினாலும், அந்த இரண்டு பேரும் எந்த ஆபீசிலும் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நீதிபதிக்கும் வந்த சங்கடம்

லீவு நாளில் வேலைக்குக் கூப்பிடும் சங்கடம் ரூம் பையனோடு நிற்பதில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ந் தேதி புனித வெள்ளி. அன்று தொடங்கி மூன்று நாள் ஐகோர்ட்டு தலைமை நீதிபதிகள் மாநாட்டை டெல்லியில் வைத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்த குரியன் ஜோசப், புனித நாளில் மாநாடு வைக்கலாமா என்று அப்போதைய தலைமை நீதிபதி எச்.எல்.தத்துவுக்குக் கடிதம் எழுதினார். மாநாடு நடந்து முடிந்தது. ஆனால் கடிதம் எழுப்பிய கேள்வி நிற்கிறது.

நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டின் நீதிபதி, ‘எனக்கு அன்று சரிப்படாது’ என்று எழுத முடிந்தது. பரோட்டா மாஸ்டர் எழுத முடியுமா? "கஷ்டமா இருந்தா வேற இடம் பாத்துக்கோ" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடாதா?

‘அவனே இஷ்டப்பட்டுத்தான் வந்தான்’ என்று சொல்லும் முன் முதலாளிகள் யோசிக்க வேண்டியது இதுதான். மாட்டேன் என்று சொன்னாலும் வேலை இருக்கும் என்ற தைரியம் உள்ளவர் சரி என்று சொன்னால்தான், அது சம்மதம். அந்தத் தைரியம் இல்லாதவர் தலையாட்டினால், அது வேறு.

மூடவே முடியாத கதவு

மூடவே முடியாத இடங்களும் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி கிறிஸ்தவ ஆஸ்பத்திரி. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. கிறிஸ்துமஸ் என்று அங்கே அவசர வார்டைப் பூட்ட முடியுமா? அடிபட்டு வருகிறவரிடம், ‘நாளைக்கு வா’ என்று சொல்ல முடியுமா? நர்சுகளில் சிலர் பண்டிகையை விட்டுவிட்டு வந்துதான் ஆக வேண்டும். ஜோலார்பேட்டையில் ரெயில் நிற்காது. மலைக்குப் பஸ் நிற்காது. மின்சாரம் நிற்காது.

அங்கெல்லாம் என்ன செய்கிறார்கள்? முறை போடுகிறார்கள். இந்த வருடம் நீ. அடுத்த வருடம் நான். உயிர் காக்கும் இடத்திலேயே முறை போட முடிகிறது என்றால், பரோட்டா போடும் இடத்தில் முடியாதா?

என்ன செய்யலாம்?

செலவில்லாத வழி சில உண்டு.

வருட ஆரம்பத்திலேயே ஐந்து பண்டிகையை உட்கார்ந்து பேசி எழுதிவிடலாம். எழுதிய தாளைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிடலாம். கிறிஸ்துமஸ் பட்டியலில் இடம் பெறாவிட்டால், கிறிஸ்தவத் தொழிலாளிக்கு மட்டும் ஆள் மாற்றி அன்று லீவு தரலாம்.

நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவருக்கு மறுநாள் காலை வேலைக்குப் பதிலாக மதிய வேலை போடலாம். மலையில் வேலை பார்க்கும் கீழ்நாட்டுத் தொழிலாளி ஊர் போய்ச் சேர, கடைசி பஸ்சுக்கு முன்னால் அனுப்பி வைக்கலாம். இரட்டைச் சம்பளத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளாமல், அன்று சாயங்காலமே கையில் வைக்கலாம்.

மலைக்கு வருகிறவர்களும் ஒன்று செய்யலாம். கிறிஸ்துமஸ் அன்று இட்லி பத்து நிமிடம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். எழுந்து போகும்போது, "உங்களுக்கு எப்பம்மா லீவு?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்கும் காசு கிடையாது.

போர்வை யாருடையது?

ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு வளைவுகளுக்கும் பெயர்கள் உண்டு. சிலவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர். சிலவற்றுக்குக் கடையேழு வள்ளல்களின் பெயர். மலை ஏறுகிறவர்கள் பலகையைப் படித்துக்கொண்டே போகலாம். பாரி, ஓரி, பேகன்...

குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் பேகன். மலைக்கு வருகிற விருந்தாளிக்கும் போர்வை கொடுக்க வேண்டியதுதான். டீ கொடுக்க வேண்டியதுதான். கதவைத் திறந்து வைக்க வேண்டியதுதான்.

ஆனால், பேகன் கொடுத்தது தன் தோளில் கிடந்த போர்வையை. வேலைக்காரன் தோளில் இருந்ததை உருவிக் கொடுத்திருந்தால், அவனை யாரும் வள்ளல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாளைக் காலை மலையில் கடைகள் திறக்கும். திறக்கட்டும். திறக்கிற ஒவ்வொரு கடையிலும், உள்ளே நிற்கிற ஆளின் லீவுக்கு என்ன பதில் என்பதை முதலாளி இன்று ராத்திரியே ஒரு தரம் எண்ணிப் பார்க்கட்டும்.